காயம் ஆறிய ஆந்தை: வெளியே விடும் முன்

கட்டுப் பிரித்த ஆந்தை கூண்டுக்குள் இரண்டு முறை சிறகடித்துக் கொம்பில் போய் உட்கார்ந்துவிட்டால் போதும், "சரியாயிடுச்சு, நாளைக்கே விட்டுடலாம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தூக்கிக்கொண்டு வந்தவர் சொல்வார், வனத்துறை ஊழியர் சொல்வார், சில சமயம் மருத்துவரே சொல்வார். புறாவுக்கும் மைனாவுக்கும் அது ஓரளவு சரி. பறக்க முடிந்தால் அவை தங்கள் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். ஆந்தையின் பிழைப்பு வேறு. இருட்டில் ஓடுகிற உயிரை, அதன் சலசலப்பைக் கேட்டு, தான் சத்தம் போடாமல் போய்ப் பிடித்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு. இதில் ஒன்று பிசகினாலும் வெளியே போன சில நாட்களில் பட்டினியில் செத்துவிடும். அது நம் கண்ணில் படப்போவதில்லை. ஆகையால் நல்லபடியாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

எலும்பு கூடுவது, புண் ஆறுவது, மருந்து எல்லாம் முந்தைய அத்தியாயங்களில் முடிந்துவிட்டன. இங்கே ஒரே கேள்விதான். பறக்கிற ஆந்தை பிழைக்குமா என்பதைக் கூண்டுக்குள் இருக்கும்போதே எப்படித் தெரிந்துகொள்வது?

திறந்துவிட்டால் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையை பிரிட்டன் பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டது. குறைந்துவந்த கூகையை மீட்க வேண்டும் என்று 1980களில் அங்கே பலர் கூண்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வெளியே விட்டார்கள். எண்ணம் நல்லதுதான். எந்தப் பறவை எந்த நிலத்துக்கு எந்தத் தயாரிப்போடு போகிறது என்ற ஒழுங்குதான் இல்லை. கடைசியில் 1993 முதல் உரிமம் இல்லாமல் கூகையை வெளியே விடுவதே அங்கே சட்டப்படி குற்றம் என்றாகிவிட்டது.

நம் கைக்கு வருபவை

தமிழ்நாட்டில் மீட்பு வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி பார்ப்பது மூன்று இனங்கள். புள்ளி ஆந்தை சின்னது, 110 கிராம் சுமாருக்கு இருக்கும். புளியமரப் பொந்து, ஓட்டு வீட்டு இடுக்கு, தெருவிளக்கடி எல்லாம் அதன் இடம். வண்டு, வெட்டுக்கிளி, பல்லி, சுண்டெலி தின்னும். வெள்ளை முகக் கூகை கோயில் கோபுரத்திலும் பாழடைந்த கட்டிடத்திலும் இப்போது அடுக்குமாடி வீடுகளின் ஏசி இடுக்கிலும் கூடு வைக்கிறது. அதற்கு எலிதான் உணவு, மூஞ்சூறையும் விடாது. கொம்பன் ஆந்தை ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். பாறைக்குன்று, கைவிட்ட கல்குவாரி, புதுச்சேரி–ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைச் சரிவு போன்ற இடங்கள் அதற்கு வேண்டும்.

மூன்றுக்கும் ஒரே கூண்டு, ஒரே தீனி, ஒரே சோதனை என்று வைத்தால் மூன்றுமே கெடும். இந்த அத்தியாயத்தில் கூகையைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன், அதைத் தயார் செய்வதுதான் கடினம் என்பதால். மற்ற இரண்டுக்கும் எங்கே மாற்ற வேண்டும் என்பதை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

சட்ட விஷயம் இரண்டே வரி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி எந்த ஆந்தையையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். விடும் இடத்தையும் தேதியையும் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை விடக் கூடாது

முதலில் குஞ்சு. கண் திறந்த நாட்களில் மனிதக் கையில் மட்டும் சாப்பிட்டு வளர்ந்த ஆந்தை, தன்னை மனித இனம் என்றே பதித்துக்கொள்ளும். பெரிதானதும் அது ஆளைத் தேடிப் போகும்; தோளில் வந்து உட்காரும், அல்லது இனப்பெருக்கக் காலத்தில் எல்லை காப்பதாக நினைத்துத் தலையில் அறையும். நம் ஊரில் ஆந்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து அலறினாலே கல்லெடுப்பவர்கள் உண்டு. தோளில் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மருந்து கிடையாது, தடுப்பு மட்டும்தான் உண்டு. கீழே விழுந்த குஞ்சுக்கு அடிபடவில்லை என்றால் அன்றைக்கே கூட்டில் வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கும் என்பது வெறும் பேச்சு. கூடு எட்டாத உயரத்தில் இருந்தால், ஓட்டை போட்ட பிரம்புக் கூடையை அதே மரத்தில் கட்டி அதில் வைத்தால் போதும். இரவில் குஞ்சு இரைந்து கேட்கும், தாய் வந்து ஊட்டும். ஆந்தை முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் ஒரே கூட்டில் குஞ்சுகள் அளவில் ஏறுக்குமாறாக இருக்கும். சின்னதைப் பார்த்து, நோஞ்சான் என்று எடுத்து வந்துவிடாதீர்கள். கொம்பன் ஆந்தைக் குஞ்சுகள் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டைவிட்டு நடந்து வெளியேறிவிடும். பாறை இடுக்கில் தனியாக நிற்கும் குஞ்சு பெரும்பாலும் அனாதை இல்லை.

வளர்த்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றைத் தனியாக வளர்க்கவே கூடாது. அதே இனத்தின் இன்னொரு குஞ்சோடு சேர்க்க வேண்டும். அதைவிட நல்லது, பறக்க முடியாமல் நிரந்தரமாக மையத்தில் இருக்கும் பெரிய ஆந்தையின் கூண்டில் விடுவது. ஊட்டும்போது முகத்தை மறைத்துக்கொள்ளுங்கள், பேசாதீர்கள். பெயர் வைக்காதீர்கள் என்றும் சொல்வேன். பெயரை ஆந்தை கண்டுகொள்ளப்போவதில்லை. நமக்குத்தான் அது செல்லமாகிவிடும், அப்புறம் கூண்டுப் பக்கம் அடிக்கடி போவோம்.

அடுத்தது காது. கூகைக்கு இடது காதுத் துளை வலதைவிடச் சற்று மேலே இருக்கும். இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேரும் வித்தியாசத்தை வைத்துத்தான் எலி எந்தப் பக்கம், எவ்வளவு கீழே என்று கணக்குப் போடுகிறது. ஒரு காது போனால் கணக்கும் போயிற்று. காக்காய் கொத்திய பறவைகளிலும் மாஞ்சா நூலில் நெடுநேரம் தொங்கிய பறவைகளிலும் காதுக்குள் புழு வைத்திருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. முகத்தட்டின் ஓரத்து இறகை விரலால் ஒதுக்கி, இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஒரு கண் போன ஆந்தையை விடலாமா என்பதில் மீட்பாளர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. என் கருத்து இது: இரண்டு காதும் நன்றாக இருக்கும் கூகை, கீழே சொல்லும் இருட்டுச் சோதனையில் தேறினால் விடலாம். பகல் வெளிச்சத்திலும் அந்தியிலும் கண்ணை நம்பிப் பூச்சி பிடிக்கும் புள்ளி ஆந்தையை விடக் கூடாது.

பறப்புக் கூண்டு

கூகைக்கு 30 அடிக்குக் குறையாத நீளம் வேண்டும், கொம்பனுக்கு 50 அடியாவது. இடம் கிடைத்தால் நேர்கூண்டாகக் கட்டாமல் நடுவில் ஒரு முட்டு வைத்து மடக்கிக் கட்டுங்கள். திருப்பத்தில்தான் பழைய எலும்பு முறிவு தன்னைக் காட்டிக்கொடுக்கும். நேராகப் பறக்கையில் ஒன்றும் தெரியாது. வளைந்து திரும்பும்போது முறிந்த பக்கத்துச் சிறகு விரியாமல் பறவை சுவரோரம் சரியும்.

கோழிவலைக் கம்பியை உள்பக்கம் அடிக்கவே கூடாது. ஆந்தை அதில் தொற்றும், சிறகு நுனி முறியும், மூக்கின் மேல்தோல் உரியும். மூங்கில் தப்பைகளை நெடுக்குவாக்கில், தலை நுழையாத இடைவெளியில் அடித்தால் செலவும் குறைவு, இறகும் பிழைக்கும். கம்பிவலை பாம்பையும் பூனையையும் தடுக்க வெளிப்பக்கம் தனியாக இருக்கட்டும்.

உட்காரும் கொம்புகளில் ஒன்று மெல்லியதாக, ஒன்று தடித்ததாக, ஒன்று தட்டையாக இருக்கட்டும். தேங்காய் நார்க் கயிற்றை அவற்றின் மேல் நெருக்கமாகச் சுற்றுங்கள். வழவழப்பான பிவிசி பைப்பில் வாரக்கணக்கில் உட்கார்ந்தால் உள்ளங்காலில் பாதப்புண் வரும். சிறகு ஆறி, கால் கெட்டுப்போன பறவையை எங்கே விடுவது? நகத்தால்தான் அது சாப்பிட வேண்டும்.

தரையில் காய்ந்த சருகு பரப்புங்கள். பார்வைக்குக் குப்பையாக இருக்கும், அதிகாரிகள் வந்தால் முகம் சுளிப்பார்கள். இருக்கட்டும். சருகில்லாத தரையில் எலி ஓடும் சத்தம் எழாது. சத்தம் எழாவிட்டால் காதுக்கு வேலை இல்லை.

சிறகின் சத்தம்

ஆந்தையின் சிறகு முன்விளிம்பில், வெளிப்பக்கத்து நீண்ட இறகில், சீப்புப் பல் மாதிரி நுண்ணிய முட்கள் வரிசையாக இருக்கும். பின்விளிம்பில் மெல்லிய குஞ்சம். இறகின் மேற்பரப்பு வெல்வெட் போலிருக்கும். மூன்றும் சேர்ந்துதான் காற்றின் இரைச்சலை அடக்குகின்றன. இரை அதன் வருகையைக் கேட்காமல் இருப்பதற்காக மட்டுமல்ல இது. பறந்துகொண்டே இரையின் சத்தத்தைக் கேட்க அதன் சொந்தச் சிறகு இரையக் கூடாது. மீன் பிடிக்கும் பூமன் ஆந்தைக்கு இந்தச் சீப்பு கிடையாது, தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்குக் கேட்காது என்பதால். அது வந்தால் அதன் சிறகுச் சத்தத்தைக் குறையாக எண்ணாதீர்கள்.

சோதனைக்குக் கருவி வேண்டாம். பொழுது சாய்ந்ததும் கூண்டின் நடுவில், பறக்கும் பாதைக்குக் கீழே, கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். உதவியாளர் மறுமுனைக்குப் போனால் பறவை உங்கள் தலைக்கு மேலாக இந்தப் பக்கம் வரும். கொம்பில் நகம் படுகிற 'டக்' மட்டும் கேட்டால் நல்லது. வரும்போதே 'சர்' என்று இழுக்கிற ஓசை வந்தால் இறகு முறிந்திருக்கிறது, அல்லது அழுக்கேறியிருக்கிறது. எலிப் பசை அட்டையில் ஒட்டி வந்த பறவைகளில் இது அதிகம். பசையை எடுக்கத் தேய்த்த சமையல் எண்ணெய் கொஞ்சம் தங்கினாலும் குஞ்சம் ஒட்டிக்கொள்ளும், மழை பட்டால் தண்ணீரும் குடிக்கும். அப்படி இருந்தால் திரும்பக் குளிப்பாட்டி, உலர்த்தி, தானாகக் கோதி முடிக்க ஒரு வாரமாவது கொடுங்கள்.

முறிந்த இறகு தானாக விழுந்து முளைக்கட்டும் என்று காத்திருப்பது கூகைக்குச் சரிப்படாது. சிறகின் நீண்ட இறகுகள் பத்தையும் அது ஒரே ஆண்டில் மாற்றிக்கொள்வதில்லை. ஒரு சுற்று முடிய இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். பிடுங்கிவிட்டால் சீக்கிரம் முளைக்கும் என்று சிலர் பிடுங்குவதுண்டு. வேர்க்குழி கெட்டால் அப்புறம் அங்கே கோணல் இறகுதான் வரும், அல்லது வரவே வராது.

அதற்கு வழி ஒட்டிறகு. செத்துப்போன கூகைகளின் சிறகுகளை வனத்துறை அனுமதியோடு எடுத்துவைக்கும் மையங்களில் அதே இறகு கிடைக்கும். அதே இறகு என்றால் அதே இனம், அதே பக்கச் சிறகு, வெளியிலிருந்து எண்ணினால் அதே எண், ஏறக்குறைய அதே நீளம். பறவையை மருத்துவர் மயக்கத்தில் வைப்பார். முறிந்த இறகின் தண்டை உடலோரம் நல்ல பகுதி மிஞ்சும்படி நேராக வெட்ட வேண்டும். தண்டு உள்ளே குழல். மூங்கிலைச் சீவி, இரு குழலுக்குள்ளும் இறுக்கமாக நுழையும் ஊசி ஒன்று செய்துகொள்ளுங்கள். ஒரு முனையைப் புது இறகில் ஒட்டிக் காயவைத்த பின், மறுமுனையில் இரண்டு டியூப் கலந்து பூசும் எபாக்சியை மிகக் கொஞ்சமாகத் தடவி உடலோரத் தண்டில் நுழையுங்கள். நுழைப்பதற்கு முன் அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைக்க மறக்காதீர்கள். பசை பக்கத்து இறகில் பட்டால் இரண்டு இறகும் ஒன்றாகிவிடும். கடைசியாகத் திருப்பம்: பக்கத்து இறகுகளின் சாய்வோடு புது இறகு ஒத்துப்போகிறதா என்று சிறகை மெதுவாக விரித்து மூடிப் பாருங்கள். பசை இறுகுவதற்குள் இதைச் செய்தாக வேண்டும், அதற்கு அப்புறம் அசைக்க முடியாது.

தினப் பயிற்சி

தினமும் அந்தியில் கூண்டின் இரு முனைக்கும் இடையே பறக்கவையுங்கள். விரட்டாதீர்கள், ஒரு ஆள் ஒரு முனைக்கு நடந்து போனாலே பறவை மறுமுனைக்குப் போகும். வாய் திறந்து மூச்சிரைத்தால் நிறுத்திவிடுங்கள். இரைப்பு அடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவையுங்கள். அந்த நேரம் நாளுக்கு நாள் குறைய வேண்டும். தரையிலிருந்து எழும்பித் தலைக்கு மேலுள்ள கொம்பை ஒரே மூச்சில் பிடிக்க முடியாத ஆந்தை இன்னும் நோயாளிதான். இரண்டு சிறகும் ஒரே அளவில் இறங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்ப்பதைவிட, செல்போனில் மெதுவேகப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். தராசோடு விரலையும் நம்புங்கள்: மார்பெலும்பின் இரு பக்கமும் சதை மேடிட்டிருக்க வேண்டும். எலும்பு கத்தி விளிம்பாகத் தட்டுப்பட்டால் விடக் கூடாது. எலும்பே தட்டுப்படவில்லை என்றால் தீனி அதிகம், பயிற்சி குறைவு.

தீனியும் வேட்டையும்

கசாப்புக்கடைக் கோழிக்கறித் துண்டில் வளர்த்த ஆந்தை, விடத் தயாரான ஆந்தை அல்ல. எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து இல்லை. குஞ்சானால் கால் வளையும். பெரியதானாலும் முடியும் எலும்பும் உள்ளே போகாததால் அது உருண்டை கக்காது. ஆந்தைக்குத் தீனிப்பை கிடையாது. விழுங்கியது நேரே வயிற்றுக்குப் போய், செரிக்காத முடி, எலும்பு, வண்டின் ஓடு எல்லாம் உருண்டையாகத் திரண்டு வாய்வழியே வெளியே வரும். பழைய உருண்டை வெளியே வராமல் அடுத்த வேளை சாப்பாடு நன்றாக இறங்காது. ஆகவே முழு இரையாகக் கொடுங்கள். கோழிப்பண்ணைக் குஞ்சு அவசரத்துக்கு உதவும், அதையே பழக்கமாக்கிவிடாதீர்கள். வயலில் மஞ்சள் குஞ்சு ஓடாது.

காலையில் கூண்டுக்குள் போனதும் நான் முதலில் தேடுவது இந்த உருண்டையைத்தான், பறவையை அல்ல. கூகையின் புது உருண்டை கட்டைவிரல் பருமனில் கருப்பாக, வார்னிஷ் பூசியது போன்ற பளபளப்போடு இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து இரண்டு ஊசியால் பிரித்தால் மண்டையோடு முழுசாக வரும். முன்பல் ஆரஞ்சு நிறத்தில் உளி மாதிரி வளைந்திருந்தால் எலி. பல் சின்னதாக, முனை மட்டும் கூர்ந்திருந்தால் மூஞ்சூறு. உருண்டை ஒழுங்காக வருகிறதா, உதிர்ந்து சளியாக வருகிறதா, இரண்டு நாளாக வரவே இல்லையா என்பதில் வயிற்றின் கதை முழுக்கத் தெரிந்துவிடும்.

இருட்டுச் சோதனைக்கு வருவோம். பின்னாளில் திமிங்கிலப் பாட்டு ஆய்வால் பேர்பெற்ற ரோஜர் பெய்ன், இளம் வயதில் ஆராய்ந்தது கூகையின் காதை. துளி வெளிச்சமில்லாத அறையில் சருகுக்கு மேல் ஓடும் எலியை அது சத்தத்தை மட்டும் வைத்துப் பிடிப்பதை அவர் காட்டினார். 1971-இல் வெளியான அந்த ஆய்வில் நமக்கு உதவும் ஒரு தந்திரம் இருக்கிறது. எலியே வேண்டாம், எலி அளவுக்குக் கசக்கிய காகிதத்தை நூலில் கட்டிச் சருகில் இழுத்தாலும் கூகை அதன் மேல் பாயும். நம் முதல் சோதனையும் இதுவே. அமாவாசையை ஒட்டிய இரவில், கூண்டுக்கு வெளியே இருந்துகொண்டு நூலை விட்டு விட்டு இழுங்கள். முதலில் தலையை ஆட்டிக் குறிபார்க்கும், அப்புறம் இறங்கும். மூன்று நான்கு இரவுகளாகியும் தலையைக்கூடத் திருப்பாத பறவையின் காதை மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.

காகிதத்தில் தேறினால் உயிர் இரை. இதை மனம் ஒப்பாமல் தவிர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேட்டை தெரியாத பறவையைத் திறந்துவிடுவது அதைவிடப் பெரிய கொடுமை என்று நினைக்கிறேன். காட்டில் பல பருவம் வேட்டையாடி, சில வாரம் மட்டும் நம்மிடம் இருந்த பெரிய பறவைக்கு இது தேவைப்படாது. கூண்டில் வளர்ந்த குஞ்சுக்கும் கண், காது, கால் அடிபட்ட பறவைக்கும் தவிர்க்கவே முடியாது.

உயரமான விளிம்புள்ள அகலத் தொட்டியில் சருகு போட்டு, அதில் பழுப்பு நிற எலியை விடுங்கள். வெள்ளை எலி வேண்டாம். மருந்து வைக்காத இடத்தில் கூண்டுப்பொறியில் பிடித்ததாக இருக்கட்டும். எலியை ஆந்தைதான் பிடித்ததா என்பதை உறுதி செய்ய ஒரு வழி: அந்த வாரம் செத்த இரையாக வெள்ளை எலியை மட்டும் கொடுத்துவாருங்கள். உருண்டையில் பழுப்பு முடி வந்தால் உயிரோடு விட்டதைப் பறவையே கொன்று தின்றிருக்கிறது. இரவில் படம் பிடிக்கும் சிசிடிவி இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றாலும் முடி பொய் சொல்லாது. தொடர்ந்து ஐந்து இரவு இப்படித் தேற வேண்டும். விடியும்வரை எலி உயிரோடிருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். பலவீனமான ஆந்தையை எலி கடித்துவைக்கும்.

புள்ளி ஆந்தைக்கு இதில் பாதிகூட வேண்டாம். கூண்டு மூலையில் ஒரு மஞ்சள் பல்பு எரியட்டும். ஈசலும் வண்டும் தாமே வரும். வெட்டுக்கிளியைத் தரையில் விட்டால் போதும்.

பயம்

கூண்டுக் கதவைத் திறந்ததும் ஆந்தை அலகைச் சொடுக்கிச் சீறி, சிறகை விரித்து உங்களைப் பயமுறுத்தினால் சந்தோஷப்படுங்கள். கூகை கிறீச்சிட்டு மறுமுனைக்கு ஓட வேண்டும். தீனித் தட்டைப் பார்த்ததும் உங்கள் பக்கம் வந்தால், ஆளை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், தீனியை வெளியிலிருந்து குழாய் வழியாகத் தள்ளுங்கள். நாயும் பூனையும் கூண்டைச் சுற்றிக் கிடக்கும் இடத்தில் ஆந்தை அவற்றுக்கும் பழகிவிடும். பார்க்க வருகிற பிள்ளைகளுக்குக் காட்ட, பறக்க முடியாத நிரந்தர ஆந்தை ஒன்றை வேறு கூண்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்போது

பெரிய பறவையாக, சில வாரம் மட்டும் நம்மிடம் இருந்திருந்தால் எடுத்த இடத்திலேயே விட வேண்டும். புள்ளி ஆந்தை ஆண்டு முழுவதும் ஜோடியாக ஒரே எல்லையில் இருப்பது. துணை அங்கேதான் இருக்கும். மாதக்கணக்கில் ஆகியிருந்தால் முதலில் இரண்டு மூன்று அந்திகள் போய்க் காது கொடுங்கள். வேறு ஜோடி அங்கே குரல் கொடுத்தால் இடம் போய்விட்டது என்று அர்த்தம்.

புது இடம் பார்க்கும்போது மரத்தை மட்டும் பார்க்காதீர்கள். கூகை தாழப் பறப்பது. நாலுவழிச் சாலை அருகில் இருந்தால் லாரியில் அடிபடும். கொம்பனுக்கு மின்மாற்றிக் கம்பம் எமன். கால்நடைத் தண்ணீர்த் தொட்டி, பம்புசெட்டுத் தொட்டி எல்லாம் செங்குத்துச் சுவர் என்பதால் குடிக்க இறங்கிய ஆந்தை ஏற முடியாமல் மூழ்கும். ஒரு பலகையைச் சாய்த்துவைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் எலி மருந்து. வயல்காரரிடம் நேரே கேளுங்கள்: "அண்ணே, இந்தப் போகத்துக்கு எலிக்கு என்ன வச்சீங்க, எப்ப வச்சீங்க?" ரத்தம் உறையாமல் செய்யும் புரோமாடியோலோன் வகை மருந்து தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் ஆந்தைக்கு முதலில் அகப்படும். மருந்து வைத்த வயலருகே விடுவதென்றால் பறவைக்கே மருந்து வைப்பதும் ஒன்றுதான். டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்த ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம்: வரப்பு வளைகளில் எலி இருக்கும், மறைய நெற்பயிர் இருக்காது. பறவைக்காக டி எழுத்து வடிவில் குச்சி நட்டுவைக்கும் விவசாயி கிடைத்தால் விடாதீர்கள், அவர் நிலம்தான் இடம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கூகையை விட வேண்டாம். நனைந்தால் அதன் மென்சிறகு கனத்துவிடும், மழைச் சத்தத்தில் காதும் வேலை செய்யாது. தீபாவளிக்கு முன்னும் பின்னும் எந்த ஆந்தையையும் விடக் கூடாது. வெடி ஒரு காரணம். இன்னொன்று, மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிக்கும் கூட்டம் நாட்டின் பல பகுதிகளில் அந்த நாட்களில்தான் அலைகிறது. டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010-இல் வெளியிட்ட அறிக்கை இந்த வியாபாரத்தை விரிவாகப் பேசுகிறது.

விடும் அந்தி

சூரியன் மறைந்து காக்காய்கள் அடைந்த பிறகுதான். பகலில் விட்டால் அரை மணியில் காக்காய்க் கூட்டம் சூழ்ந்துவிடும். அன்று மாலை பாதி வயிற்றுக்குத் தீனி கொடுத்திருக்க வேண்டும், உருண்டை கக்கியிருக்க வேண்டும். காற்றோட்ட ஓட்டையுள்ள அட்டைப்பெட்டியில், அடியில் நார்மிதியடி போட்டுக் கொண்டுபோங்கள். பெட்டியை மரத்தடியில் வைத்துத் திறந்துவிட்டு முப்பது அடி தள்ளிப் போங்கள்.

கேமராவுக்கு முன் இரண்டு கையாலும் பிடித்து மேலே வீசுவது ஒரு சடங்காகிவிட்டது. வீசப்பட்ட ஆந்தை எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமல் சுவரிலோ கம்பியிலோ மோதும். ஃபோட்டோ வேண்டுமென்றால் பெட்டியை எடுங்கள், பிரமுகரையும் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுங்கள். ஆளெல்லாம் கிளம்பிய பிறகு மூடியைத் திறந்தால் போயிற்று.

இது பெரிய பறவைக்கு. நம்மிடம் வளர்ந்த குஞ்சுகளுக்குப் படிப்படியாகத்தான். விடும் இடத்திலேயே, களத்து ஷெட்டின் உயரத்திலோ மரத்திலோ, முன்பக்கம் தப்பை அடித்த மரப்பெட்டி கட்டி இரண்டு மூன்று வாரம் அதற்குள்ளேயே வையுங்கள். ஊரின் சத்தம், வெளிச்சம், திசை எல்லாம் பழகட்டும். அதன் பிறகு ஒரு மழையில்லாத அந்தியில் முன்பக்கத்தைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுங்கள். துரத்த வேண்டாம், அன்றே வெளியே வராவிட்டாலும் பரவாயில்லை. பெட்டியின் மேல் தினமும் இரை வைப்பதைத் தொடருங்கள். மரத்தண்டைச் சுற்றித் தகரம் அடித்தால் பூனையும் சாரைப்பாம்பும் ஏறாது. எறும்புக்குக் கிரீஸ் தடவுங்கள். எறும்பு மொய்த்த இரையை ஆந்தை தொடாது.

வைத்த இரை மிஞ்சத் தொடங்கினால் பாதியாகக் குறையுங்கள். தொடர்ந்து ஒரு வாரம் தீண்டப்படாமல் கிடந்தால் நிறுத்துங்கள். கொம்பன் குஞ்சுகள் தாயிடமே ஏறக்குறைய ஆறு மாதம் சார்ந்திருப்பவை என்பதால் அவற்றுக்கு இந்தக் கணக்கு மாதக்கணக்கில் நீளும்.

போன பிறகு

மரத்தடிகளில் உருண்டை தேடுங்கள். நாம் கொடுக்காத இரையின் மண்டையோடு அதில் இருந்தால் பறவை சம்பாதிக்கிறது. பகலில் தரையிலோ திண்ணையிலோ உட்கார்ந்திருக்கிறது, ஆள் கிட்டே போனாலும் எழும்பவில்லை என்று தகவல் வந்தால் மறுநாள்வரை பார்க்காமல் அன்றே பிடித்து வாருங்கள்.

அடையாளத்துக்குக் காலில் வளையம் போட முறையான அனுமதி வேண்டும், எல்லோருக்கும் கிடைக்காது. அதற்குப் பதிலாக, விடுவதற்கு முன் இரண்டு சிறகையும் வாலையும் விரித்துவைத்துப் படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டுங்கள். இறகின் பட்டைகளும் ஒட்டிறகின் இணைப்பும் பின்னால் அடையாளம் காட்டும். உங்கள் செல் எண்ணை வயல்காரரிடமும் பக்கத்துப் பள்ளி வாட்ச்மேனிடமும் கொடுத்து, செத்துக் கிடந்தாலும் கூப்பிடச் சொல்லுங்கள். அப்படிக் கிடைத்த உடலை வனத்துறைக்குச் சொல்லி மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மார்புச் சதை வற்றி எலும்பு துருத்தியிருந்தால் அது வேட்டையாடவில்லை. உங்கள் கூண்டுச் சோதனையில் எதையோ விட்டிருக்கிறீர்கள், பதிவேட்டைத் திரும்பப் புரட்டுங்கள். சதை நிறைந்திருந்து, காயமே இல்லாமல் உடலுக்குள் ரத்தம் தேங்கியிருந்தால் எலி மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்த பறவைக்கு வேறு ஊர் பாருங்கள்.